ஓடத்துக்கு ஓர் ஆவணம்

(மேட்டூர் அணைக்கரையில், பரிசலோட்டிகளும் மீனவரும் தமிழன்பரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தமிழில் 'புணை' என்று ஒரு சொல் உண்டு. மூங்கிலையும் மரத்தையும் பிணைத்துக் கட்டி நீரிலே விடும் மிதவைக்குப் புணை என்று பெயர். அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவனுக்காக மற்றொருவன் ஏற்கும் உறுதிப்பாடும் புணையே. 'புணைபடுதல்' என்றால் பிணை நிற்றல் என்று பொருள். நீரில் அமிழாமல் தாங்குவதும் புணை; வாழ்வில் அமிழாமல் தாங்குவதும் புணை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த முன்னோரின் அறிவை என்னென்பது!

இந்த இருவகைப் புணையைப் பற்றியே இன்றைய பேச்சு. மேட்டூர்க் கரையில் முதற்புணை உண்டு. பரிசலாக, ஓடமாக, பொறிப்படகாக மிதக்கின்றது. இரண்டாம் புணை, அதாவது அந்தக் கலம் இன்னாருடையது என்றும், அது மக்களை ஏற்றத் தகுதியுடையது என்றும் உறுதி கூறும் ஆவணம், எத்தனை பேர் கையில் இருக்கின்றது? அப்படியே இருந்தாலும், அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பொருள் கொள்ளக் கூடியவர் எத்தனை பேர்?

இந்த அணையை எண்ணிப் பாருங்கள். 1925-இல் கட்டத் தொடங்கி, 1934 ஆகத்து 21-இல் திறந்து வைத்தார்கள். அன்றைய சென்னை மாநில ஆளுநர் இசுடான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு இட்டார்கள். நிறைமட்டம் 120 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 9,347 கோடி கன அடி. இந்த நீருக்கு நாள்தோறும் கணக்கு உண்டு. மட்டம் எவ்வளவு, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்பது ஒவ்வொரு நாளும் ஏட்டில் ஏறுகின்றது; செய்தித்தாளில் வருகின்றது; தஞ்சைத் தரணி முழுவதும் அதற்காகக் காத்திருக்கின்றது. அடியின் நூற்றிலொரு பங்கு கூடக் கணக்குத் தப்புவதில்லை. ஆனால் அந்த நீரின் மேல் மிதக்கின்ற பரிசலுக்கும், அதைத் துழாவுகின்ற கைக்கும் என்ன கணக்கு? நீருக்கு ஏடு உண்டு. நீரில் உழைப்பவனுக்கு ஏடு இல்லை என்றால், அந்தக் குறையை யார் தீர்ப்பது?

நீர் தாழும் பொழுதெல்லாம் பண்ணவாடிப் பக்கத்தில் பழைய கோயிலின் நந்தியும், கிறித்தவக் கோயிலின் கோபுரமும் தலைகாட்டுகின்றன. அவற்றைக் காண மக்கள் திரண்டு வருகின்றார்கள். அங்கே ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, வீடுகள் இருந்தன. அரசு பொதுவேலைக்காக நிலத்தை எடுக்கும் பொழுது யாருக்கு இழப்பீடு தரும்? 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 'உரிமையுடையவர் வருக' என்றுதான் அழைத்தது. உரிமையைக் காட்ட வல்லவனுக்கே அந்த அழைப்பு பயன்பட்டது. ஆவணம் வைத்திருந்தவன் கேட்க முடியும்; வெறும் உழைப்பை மட்டும் வைத்திருந்தவன் கரையேறிப் போக வேண்டியதுதான். நீருக்கடியில் உறங்கும் அந்த ஊர்கள் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.

'ஆவணம், பதிவு என்பனவெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை. நமக்கு அவை புதியன' என்று சிலர் எண்ணுகின்றனர். இது பெரும்பிழை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். 'விலையாவணம்' என்ற சொல் உண்டு. ஆவணங்களைப் பதியும் இடத்துக்கு 'ஆவணக்களரி' என்று பெயர். பிற்காலத்தில் 'இசைவுத் தீட்டு' என்ற வழக்கு உண்டு. பெரியபுராணத்திலே சுந்தரர் திருமணத்தில் நிகழ்ந்த வழக்கை நினைவு கூருங்கள். முதியவர் ஒருவர் ஆளோலையோடு வந்து நிற்கின்றார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்து விடுகின்றார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகின்றது. அங்கே முதியவர், 'கிழிக்கப்பட்டது படியோலை. மூலவோலை என்னிடம் உள்ளது' என்கின்றார். அவையோர் என்ன செய்தனர்? ஓலையில் உள்ள கையெழுத்தையும், காப்பிலிருந்த பாட்டனாரின் வேறொரு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். பத்திமைக் கதை என்பதை ஒருபுறம் வைத்து விட்டு, நடைமுறையை மட்டும் பாருங்கள். மூலம் உண்டு, படி உண்டு, சான்றாளர் உண்டு, ஒப்பிடுவதற்குக் காப்பு உண்டு, முடிவு கூற அவை உண்டு. இவ்வளவையும் தமிழில், தமிழ்ச் சொற்களால், தமிழ்நாட்டு ஊரவை நடத்தியதாக அந்நூல் காட்டுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழனுக்குத் தெரிந்த ஆவணமுறையை இன்றைய தமிழன் அயன்மொழியில் கற்க வேண்டுமா?

நீர்வழி வணிகத்துக்கும் நம்மிடம் முறை இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பண்டங்களையும், ஏற்றுமதிக்கு நின்ற பண்டங்களையும் அளந்து, அரசனின் புலிப்பொறி இட்டு விடுத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. துறையில் பெறும் வரிக்கு 'உல்கு' என்னும் சொல்லைத் திருக்குறள் ஆள்கின்றது. முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்தவன்' என்று பெயர் பெற்றான். வரி உண்டு, வரியை நீக்கும் அருளும் உண்டு, அவற்றைக் குறிக்கும் சொல்லும் உண்டு. இல்லாதது எது? அவற்றை நினைவில் வைத்திருக்கும் உணர்வு!

பின்னர் வந்தது அயலார் ஆட்சி. 1890-இல் சென்னை மாநிலத்துக்கென்று கால்வாய்கள், பொதுத் துறைகள் பற்றிய சட்டம் ஒன்றை இயற்றினார்கள். ஆற்றைக் கடக்கும் துறையைப் பொதுத்துறை என்று அறிவிப்பது, அதைக் குத்தகைக்கு விடுவது, கடக்கும் கூலியை வரையறுப்பது, கலங்களுக்கு உரிமம் தருவது என்பன அதனால் ஒழுங்காயின. ஒழுங்கு தீதன்று. ஆனால் காலங்காலமாகத் தன் துறையில் ஓடம் செலுத்திய குடி, அதே துறையில் தொழில் செய்வதற்கு ஏலத்தில் போட்டியிட வேண்டிய நிலை பிறந்தது. 'ஏலம்' என்ற சொல்லே நம்முடையதன்று. போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. சொல்லும் அயல்; முறையும் அயல்; ஏலம் எடுத்தவனும் பல வேளைகளில் துறைக்கு அயலான்! துடுப்புப் பிடித்தவன் கூலியாளானான். நீராவியாலும் பொறியாலும் ஓடும் உள்நாட்டுக் கலங்களுக்கென்று 1917-இல் தனிச் சட்டம் வந்தது. அது நூறாண்டுக்கு மேல் நின்றது. அதன் இடத்தில் 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றிற்று.

தோழர்களே! கலத்தின் உரிமை ஆவணம் எத்துணை வலிமையுடையது என்பதை வ.உ.சிதம்பரனார் வாழ்விலே காண்க. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயர் கப்பல்களே ஓடிய காலம் அது. 1906-இல் 'சுதேசி' நீராவிக் கப்பற் கழகத்தை அவர் பதிவு செய்தார். முதல் பத்து இலக்கம் உருபா, பங்கு ஒன்று 25 உருபா, பங்குகள் 40,000. எளியவனும் ஒரு பங்கு வாங்கிக் கப்பலுக்கு உரியவன் ஆகலாம் என்று வழி திறந்தார். தொடக்கத்தில் கழகத்துக்குத் தனிக்கப்பல் இல்லை. வாடகைக் கப்பலே ஓடிற்று. ஆங்கிலேயர் நெருக்கினர், வாடகைக்குத் தந்தவர் கப்பலைத் திரும்ப வாங்கிக் கொண்டனர். அந்த நாளில்தான், பிறன் கலத்தில் ஏறி உரிமைப் போர் நடத்த இயலாது என்ற உண்மை வெளிப்பட்டது. சிதம்பரனார் மும்பை சென்றார். காலியா, இலாவோ என்னும் கப்பல்கள் கழகத்தின் பெயரால் 1907-இல் வந்து சேர்ந்தன. 1908-இல் அவரைச் சிறையிலிட்டார்கள். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் கழகம் கலைந்தது. அவர் வெளிவந்த 1912-இல் கப்பலும் இல்லை, கழகமும் இல்லை.

இந்த வரலாற்றைக் கண்ணீரோடு மட்டும் படிப்பது போதாது. கணக்கோடும் படிக்க வேண்டும். வாடகைக் கலம் உரியவன் நினைத்தால் போய்விடும். தன் பெயரில் ஆவணமுள்ள கலமே நிற்கும். பெருங்கடலில் கப்பலுக்குப் பொருந்திய இந்த உண்மை, காவிரியில் பரிசலுக்கும் பொருந்தும்.

இனி, நடைமுறைக்கு வருவோம். 'பதிவு' வேறு, 'உரிமை' வேறு, 'உரிமம்' வேறு. இம்மூன்றையும் குழப்பிக் கொள்வதால்தான் தொல்லை பெருகுகின்றது.

முதலாவது, உரிமை. இந்தக் கலம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை. நிலத்துக்கு இது தெளிவு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி நில விற்பனையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும். ஆனால் ஓடம் அசையும் பொருள். அதை விற்பவனும் வாங்குபவனும் மனமொத்து விலைபேசிக் கைமாற்றினால் 1930-ஆம் ஆண்டின் பண்ட விற்பனைச் சட்டப்படியே உரிமை மாறிவிடும். சார்பதிவாளரிடம் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லையே தவிர, தடையும் இல்லை. விரும்பினால் அசையும் பொருளின் விலையாவணத்தையும் அங்கே பதியலாம். அதற்கென்று தனி ஏடு உண்டு. பரிசல் முடைபவரிடம் வாங்கும் பொழுது ஒரு பற்றுச்சீட்டு, கைமாறி வாங்கும் பொழுது இருவர் சான்றொப்பமிட்ட ஒரு விலையாவணம் இருந்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது, பதிவு. இந்தக் கலம் எத்தகையது, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எத்தனை பேரைத் தாங்கும், என்ன பொறி, யார் உடையவர் என்பவற்றை அரசின் ஏட்டில் ஏற்றுதல். பொறியால் ஓடும் உள்நாட்டுக் கலத்துக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வகுக்கும் வழி இது. முதலில் அளவையர் கலத்தை ஆய்ந்து தகுதிச் சான்று தர வேண்டும். அதன்பின் உடையவர், மாநில அரசு அமர்த்திய பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதிவாளர் ஏற்றால் பதிவுச் சான்றும் பதிவெண்ணும் தருவார். அந்த எண்ணைக் கண்ணில் படும்படி கலத்தில் பொறிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பெற்ற சான்று நாடு முழுவதும் செல்லும். கலம் கைமாறினாலும், உடையவர் இருப்பிடம் மாறினாலும், கலத்தின் உருவையோ பொறியையோ மாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். அடைமானம் வைத்தால் அதுவும் ஏட்டில் ஏற வேண்டும். காப்பீடு வேண்டும். செலுத்துபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். உயிர்காப்புக் கருவிகள் கலத்தில் இருத்தல் வேண்டும். பொறியில்லாத ஓடங்களை ஊராட்சி, வட்டம், மாவட்டம் என்ற அளவிலேயே பதிந்து பேணுதற்கு மாநில அரசுக்கு அச்சட்டம் இடம் தருகின்றது. இந்த இடம் நம் போன்ற ஊர்களுக்கு மிகப் பெரிது. பரிசலோட்டி தன் ஊராட்சியிலேயே, தன் மொழியிலேயே பதிவு பெறுதற்கு இது வாயில்.

மூன்றாவது, உரிமம். இந்த நீரில் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்னும் இசைவு. அணையில் மீன்பிடிக்க மீன்துறையின் உரிமம் வேண்டும். ஆட்களைக் கடத்தத் துறைக்குத் தனி இசைவு வேண்டும். கலம் தன்னுடையதாகவே இருந்தாலும், இசைவின்றித் தொழில் நடத்த இயலாது. தொழிலுக்கு இசைவு இருந்தாலும், பழுதுற்ற கலத்தில் ஆளை ஏற்ற இயலாது. உரிமைக்கு விலையாவணம், தகுதிக்குப் பதிவு, தொழிலுக்கு உரிமம். இந்த மூன்றும் மூன்று முடிச்சு. ஒன்று அவிழ்ந்தாலும் புணை கலையும்.

பதிவுச் சான்றை வட்டிக்கடைக்காரரிடம் அடகு வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. கடற்கப்பல் முறையில் இதற்கு வழியே இல்லை. 1894-ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமும், அதையொட்டிய இந்தியாவின் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டமும், 'பதிவுச் சான்று கலத்தைச் செலுத்துதற்கே உரியது. கடனைக் காட்டி அதை எவரும் பிடித்து வைத்தல் கூடாது' என்று தெளிவாகவே வகுத்தன. கடன் வேண்டுமானால் அடைமானத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சான்று உடையவன் கையில்தான் இருக்க வேண்டும். அறிவுடைய முறை இது. ஏர்பிடிப்பவனிடம் கலப்பையைப் பறித்து வைத்துக் கொண்டு கடனைக் கேட்டால் அவன் எதைக் கொண்டு உழுது எதைக் கொண்டு கொடுப்பான்?

இப்பொழுது செலவைக் கணக்கிடுவோம். பதிவுக் கட்டணம், ஆய்வுக் கட்டணம், காப்பீட்டுத் தொகை என்பன வெளிப்படையான செலவு. இவை சட்டப்படியானவை, பற்றுச்சீட்டு உண்டு. உயிர்காப்புச் சட்டை, மிதவை வளையம் என்பன அடுத்த செலவு. இவற்றைச் செலவென்று சொல்வதே தவறு, உயிருக்கு விலையில்லை. ஆனால் ஏட்டில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அதுதான் எளியவனை முறிப்பது. மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம். 'அலுவலர் இல்லை, நாளை வா' என்பதால் இழக்கும் நாட்கூலி. ஆங்கிலப் படிவத்தை நிரப்பித் தருபவனுக்குக் கொடுக்கும் கூலி. 'உள்ளே ஆள் இருக்கின்றான்' என்று சொல்லும் இடைத்தரகனுக்குக் கொடுக்கும் தொகை. அரசு வாங்கும் கட்டணம் ஒரு கை என்றால், அறியாமை வாங்கும் கட்டணம் பல கை! இந்தக் கட்டணத்தில் பெரும்பகுதி மொழி அறியாமையால் வருவது. படிவம் தமிழில் இருந்தால், பரிசலோட்டியின் பள்ளிக்குப் போகும் மகளே அதை நிரப்பித் தருவாள். தரகனுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு பரிசலோட்டியின் வீட்டை எண்ணிப் பாருங்கள். அவர் மூங்கிற் பட்டைகளை வளைத்து முடைந்து பரிசல் கட்டினார். முன்னோர் காலத்தில் அதன் மேல் எருமைத்தோல் போர்த்தார்கள். பின்னர்த் தார் பூசிய சாக்கும் நெகிழித்தாளும் வந்தன. இப்பொழுது கண்ணாடியிழைப் பரிசல்களும் வந்து விட்டன. அவர் முப்பது ஆண்டு துடுப்புப் போட்டார். திடீரென்று ஒருநாள் இறந்தார். மூன்று மக்கள். பரிசல் ஒன்று, வலை நான்கு, உரிமம் தந்தையின் பெயரில். மூத்தவன் 'உடன் ஓட்டியவன் யான், எனக்கே' என்கின்றான். இளையவன் 'வலை வாங்கப் பணம் தந்தவன் யான்' என்கின்றான். மகளோ, 'தந்தைக்குக் கடைசி வரை சோறு போட்டவள் யான்' என்கின்றாள். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவர் கையிலும் ஆவணம் இல்லை. வழக்கு ஊர்மன்றத்துக்குப் போகின்றது. அங்கிருந்து காவல்நிலையத்துக்குப் போகின்றது. அதுவரை பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றது, வெயிலில் தார் உருகுகின்றது, மூங்கில் உளுக்கின்றது. கடைசியில் வென்றவனுக்குக் கிடைப்பது விறகு!

கப்பலுரிமையைப் பங்காகப் பகுத்து எழுதும் முறை உலகில் உண்டு. பிரித்தானியப் பதிவு முறையில் ஒரு கப்பலை 64 பங்காகப் பகுப்பார்கள். இன்னார்க்கு இத்தனை பங்கு என்று ஏட்டில் எழுதுவார்கள். கப்பலுக்கு ஆகுமென்றால் பரிசலுக்கு ஆகாதா? 'பரிசலில் பாதி மூத்தவனுக்கு, காற்பங்கு இளையவனுக்கு, காற்பங்கு மகளுக்கு' என்று தந்தை உயிரோடிருக்கும் பொழுதே நான்கு வரி எழுதி, இருவர் சான்றொப்பம் இட்டிருந்தால், உடன்பிறந்தாரிடையே பகை வந்திருக்குமா?

இனிச் சொல்லப்போவது துயரம் தருவது. 2009 செப்தம்பர் 30 அன்று, முல்லைப் பெரியாற்று அணைநீரில், தேக்கடியில், சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். 2011 திசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உலாப்போன 22 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் மற்றொரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மீன்பிடிக் கலமாயிருந்ததை உலாப்படகாக உருமாற்றி, முறையான பதிவும் உரிமமும் முடிவதற்கு முன்பே அதில் மக்களை ஏற்றினார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. மீனைச் சுமக்கக் கட்டிய கலத்துக்கு மேல்தட்டு அமைத்து மாந்தரைச் சுமக்க வைத்தால், அதன் எடைநடு மேலேறும்; ஒருபக்கம் ஆள் சாய்ந்தால் கலமும் சாயும். இதைக் கண்டு தடுப்பதற்குத்தான் அளவையரின் ஆய்வு. 'உருவை மாற்றினால் தெரிவி' என்று சட்டம் சொல்வது வெறும் தாள்வேலையன்று. அந்தத் தாளுக்குப் பின்னால் குழந்தைகளின் உயிர் இருக்கின்றது. ஆகவே, 'ஏழையிடம் ஏன் பதிவு கேட்கின்றீர்கள்' என்று மட்டும் கூவுவது ஏழைக்கு நன்மை செய்வதாகாது. பதிவு வேண்டும், அதை ஏழை பெறும்படி எளிதாக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே நேர்மை.

மேட்டூரைச் சுற்றி இச்சிக்கல் இன்னும் ஒரு முடிச்சுப் பெறுகின்றது. கோட்டையூர்க் கரை சேலம் மாவட்டம்; எதிர்க்கரை ஒட்டனூர் தருமபுரி மாவட்டம். பண்ணவாடி இம்மாவட்டம்; எதிரே நாகமரை அம்மாவட்டம். அணைக்குக் கீழே பூலாம்பட்டி சேலத்துக்கு உரியது. எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டை ஈரோட்டுக்கு உரியது. கலம் ஒன்று, கரை இரண்டு, மாவட்டம் இரண்டு. ஒரு கரையில் ஏதம் நேர்ந்தால் மறுகரை அலுவலகத்தைக் காட்டுவார்கள். நீர்மட்டம் ஏறினால் துறை மேலே போகும். இறங்கினால் துறை கீழே போகும். நிலத்தில் நிற்கும் ஏடு நீரோடு நகரும் துறைக்குப் பொருந்த வேண்டுமானால், இருகரை அலுவலர்களும் ஒரே பதிவேட்டைக் காண வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே பதிவுத் தொகுப்பு என்று புதிய சட்டம் கூறுவதால், இது ஆகாத செயலன்று.

கடைசியாக மொழி. தமிழ்நாட்டில் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இல் வந்தது. அறுபதாண்டுக்கு மேல் ஆயிற்று. இருந்தும் கலம்பற்றிய படிவங்களும் சான்றுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. படிக்கத் தெரியாத தாளில் பெருவிரல் வைப்பது ஒப்புதலாகுமா? கண்ணைக் கட்டிக்கொண்டு துடுப்புப் போடுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? வெள்ளையர் இயற்றிய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே, பதிவாளர் அறியாததும் மாவட்டத்தில் வழங்காததுமான மொழியில் ஆவணம் வந்தால், மாவட்ட வழக்குமொழியில் பெயர்ப்பு இணைக்க வேண்டும் என்கின்றது. ஆவணம் மாவட்டத்தின் மொழிக்கு வந்து நிற்க வேண்டும் என்ற அறிவு அயலானுக்கு இருந்தது. நம்மவர்க்கு இருக்க வேண்டாவா?

சொல் இல்லை என்பவர்க்கு விடை கேளுங்கள். லைசென்சு என்பது உரிமம். ரிஜிஸ்தர் என்பது பதிவேடு. சர்வே என்பது அளவீடு. இன்சூரன்சு என்பது காப்பீடு. தஸ்தாவேஜு என்பது ஆவணம். ஜாமீன் என்பது பிணை. இரசீது என்பது பற்றுச்சீட்டு. படகு, ஓடம், தோணி, அம்பி, வள்ளம், வத்தை, திமில், பரிசல், தெப்பம், நாவாய், வங்கம் என்று கலத்துக்கு எத்தனை பெயர் வைத்தவன் தமிழன்! நம் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலன் எடுத்துக் கொண்டு உலகெலாம் வழங்குகின்றான். கலத்துக்கே உலகுக்குப் பெயர் தந்த மொழியால், அந்தக் கலத்தின் பதிவுச் சான்றை எழுத இயலாதா?

எனவே செய்ய வேண்டியவை சில. ஒன்று: ஒவ்வொருவரும் தம் பரிசலுக்கும் படகுக்கும் தமிழில் ஓர் உரிமையாவணம் எழுதி, இருவர் சான்றொப்பம் பெற்று, மூலத்தை வீட்டிலும் படியைக் கூட்டுறவுக் கழகத்திலும் வையுங்கள். மூலவோலையும் படியோலையும் நம் பழைய முறையே. இரண்டு: உரிமத்தையும் பதிவையும் காலம் தவறாமல் புதுப்பியுங்கள், புதுப்பிக்கும் நாளை வீட்டுச் சுவரில் எழுதுங்கள். மூன்று: பற்றுச்சீட்டுத் தராத எவருக்கும் ஒரு காசும் தராதீர்கள். நான்கு: எந்தப் பணிக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் முடியும் என்பதை எழுதிக் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுதலாம் என்று தெளிவாகக் கூறுகின்றது. பத்து உருபாக் கட்டணத்தோடு தமிழிலேயே எழுதுங்கள். விடையும் தமிழிலேயே வேண்டுமென்று எழுதுங்கள். ஐந்து: தமிழ்கற்ற இளைஞர்கள் திங்களுக்கு ஒரு ஞாயிறு துறையிலே அமர்ந்து, எழுத அறியாதவர்க்கு ஆவணம் எழுதிக் கொடுங்கள். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவது நன்று. துறையில் ஒரு பரிசலோட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுப்பது அதனினும் நன்று. தமிழ் வாழ்வது அங்கேதான்.

காவிரி எத்தனையோ அரசுகளைக் கண்டது; எத்தனையோ சட்டங்களைக் கண்டது. அதன் மேல் மிதந்த புணைகள் எத்தனை, அவற்றைச் செலுத்திய கைகள் எத்தனை என்பதற்கு ஏடில்லை. இனியேனும் ஏடு இருக்கட்டும். நீரில் தாங்கும் புணையைக் கட்டத் தெரிந்த கைகள், வாழ்வைத் தாங்கும் புணையையும் கட்டட்டும். எழுதுங்கள் ஆவணம்! அதைத் தமிழில் எழுதுங்கள்! எழுதியதைப் படித்துப் பார்த்துப் பொருள் தெளிந்த பின் ஒப்பமிடுங்கள்!